மூன்றாம் பெட்டியின் கொக்கி

சிவப்பில் எத்தனை சிவப்பு இருக்கிறது என்று திருப்பூரில் யாரிடமும் விளையாட்டுக்குக்கூடக் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் அன்றைய பொழுது போச்சு. தக்காளி, செங்கல், மிளகாய் என்று ஆரம்பிப்பார்கள். இதில் கொஞ்சம் மஞ்சள் அடிக்கிறது, அதில் கொஞ்சம் நீலம் அடிக்கிறது என்று இழுத்து, ஜெர்மனிக்காரன் எந்தச் சிவப்பைத் திருப்பி அனுப்பினான் என்பதில் வந்து நிற்பார்கள். அப்பேர்ப்பட்ட ஊரிலேயே நிர்மலாவின் கண்ணுக்குத் தனி மரியாதை. சாயப்பட்டறை லேபில் பதினைந்து வருடமாக ஷேடு பார்க்கிறவள். வெளிநாட்டிலிருந்து வந்த துணித்துண்டையும் பட்டறையில் சாயம் ஏற்றிய துண்டையும் விளக்குப் பெட்டிக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஒத்து வருதுங்க" அல்லது "வரலீங்க" என்று சொல்லுவாள். அவ்வளவுதான் பேச்சு. மெஷின் வேறு மாதிரி சொன்னால் மெஷினைத்தான் சர்வீசுக்கு அனுப்புவார்கள்.

அதனால்தான் முதலாளி மகள் நித்யஸ்ரீ நேராக லேபுக்கே வந்து நின்றாள். பழைய கட்டடம், பழைய சாமான் இதையெல்லாம் பாதுகாக்கிற படிப்பை வடக்கே போய்ப் படித்துவிட்டு அப்போதுதான் ஊருக்கு வந்திருந்த பெண்.

"அக்கா, ஒரு ரயிலுக்கு ஷேடு பாக்கோணுங்க. நல்லூர்ப் பக்கம் எங்க மயில் பூங்கா பூட்டிக் கெடக்குதல்லங்க, அங்க குழந்தைங்க ரயில் ஒண்ணு இருக்குது. தொண்ணூத்தொண்ணுல ஓட ஆரம்பிச்சப்ப எப்படி இருந்துச்சோ, அச்சு அசலா அப்படியே கொண்டுவரப் போறேன். போட்டோவெல்லாம் வெளுத்துப் போச்சு. உங்க கண்ணு வேணுங்க."

லேபில் இருந்த பழைய ஆட்கள் இரண்டு பேரும் தங்கள் குடுவைகளையே பார்த்தார்கள். அவர்களுக்குத் தெரியும். இந்தப் பெண்ணுக்குத் தெரியாது. அது நடந்தபோது அவள் ஊட்டியில் ஹாஸ்டலில் படித்துக்கொண்டிருந்த பதினோரு வயதுப் பிள்ளை. ஏதோ ஒரு குழந்தை தன் சேட்டையால் விழுந்தது, அதோடு பூங்காவைப் பூட்டிவிட்டார்கள் என்ற அளவுக்குத்தான் வீட்டில் சொல்லியிருந்தார்கள். அந்தக் குழந்தைக்கு ஓர் அம்மா உண்டு, அவள் தங்கள் பட்டறை லேபிலேயே சம்பளம் வாங்குகிறாள் என்று யார் சொல்லப் போகிறார்கள்? தகப்பனார் மகுடேஸ்வரன் இருந்திருந்தால் தடுத்திருப்பார். அவர் கண்காட்சிக்காக ஜெர்மனி போயிருந்தார்.

"எப்பங்க வரோணும்?" என்றாள் நிர்மலா.

இதைக் கேட்டு, என்ன கல்நெஞ்சுக்காரி என்று நீங்கள் நினைத்தால் அது உங்கள் இஷ்டம். அவளுக்கும் தன் நெஞ்சைப் பற்றி அப்படி ஒரு சந்தேகம் இருந்தது. 2009 சித்திரை ஒன்றாம் தேதி, விடுமுறை நாள், அந்த ரயிலின் மூன்றாம் பெட்டியிலிருந்து விழுந்து, நாலாம் பெட்டிச் சக்கரத்தில் அடிபட்டு அவள் மகன் செழியன் போய்ச் சேர்ந்தான். ஆறு வயது. அன்றைக்கு அழவில்லை, பதினாறாம் நாளும் அழவில்லை, அப்புறமும் அழவில்லை. ஊர் என்னென்னவோ சொன்னது. உள்ளே ஏதோ ஒன்று மரத்துப் போய்விட்டது என்பது அவளுக்கே தெரிந்தது. ஊசி போட்ட பல் ஈறு மாதிரி, தொட்டால் தொடுவது தெரியும், வலி தெரியாது.

அழுகை வராத இடத்தில் ஒரு கேள்வி மட்டும் உட்கார்ந்திருந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மகுடேஸ்வரன் அவள் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்து, ரொம்ப மெதுவாக, தங்கச்சியிடம் கேட்கிற மாதிரி கேட்டார். "ஏம்மா நிர்மலா, பெட்டிக் கதவுக்குக் கொக்கி போட்டிருந்தியல்ல?" அப்போது அவள் அவருடைய கம்பெனியில் செக்கிங் டேபிளில் நின்றுகொண்டிருந்தவள். முதலாளி அப்படிக் கேட்டால் இந்த ஊரில் ஒரே பதில்தான். சரக்கு சாயங்காலத்துக்குள் போயிருமா? ஆமாங்க. ஓவர்டைம் பாப்பியா? ஆமாங்க. போகாது என்று தெரியும், முடியாது என்று தெரியும், இருந்தாலும் புத்தி எழுந்து வருவதற்குள் நாக்கு முந்திக்கொள்ளும். அவளுக்கும் முந்திக்கொண்டது. "ஆமாங்க, போட்டனுங்க." பக்கத்தில் நின்ற இன்ஸ்பெக்டர் அதை எழுதிக்கொண்டார். அம்மா கொக்கி போட்டிருக்கிறாள், அப்படியானால் பையன்தான் கழற்றியிருக்கிறான். கேஸ் முடிந்தது. இரண்டு மாதம் கழித்து மகுடேஸ்வரன் அவளைக் கூப்பிட்டு லேபில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுத்தார். நல்ல மனுஷன் என்று எல்லோரும் சொன்னார்கள். அவளும் சொன்னாள்.

ஆனால் கொக்கி போட்டாளா? அதுதான் அவளுக்கு ஞாபகம் வரவில்லை. பெட்டியில் ஏறியது ஞாபகம் இருக்கிறது. நாலு வயது மகள் வர்ஷினியை மடியில் வைத்துக்கொண்டது, செழியன் கதவோரம்தான் உட்காருவேன் என்று அடம் பிடித்தது, முந்தின நாள் அடித்த நீலப் பெயிண்ட் காயாமல் அவன் உள்ளங்கையெல்லாம் ஒட்டியது, எல்லாம் ஞாபகம் இருக்கிறது. கொக்கியில் கை வைத்தது மட்டும் இல்லை. போடவில்லை என்றால் தானே கொன்றவள். போட்டாள் என்றால் செழியன் கழற்றினான். வீட்டுக்காரர் இளங்கோ இரண்டாவதைத்தான் நம்பினார். விடுமுறை என்றாலும் அன்றைக்கு அவர் டெய்லர் ஷிப்டில் இருந்தார். "அவஞ் சேட்டையே அவனக் கொண்டுபோயிருச்சு" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நிர்மலாவுக்கு ஒரே ஓர் ஆசை. அந்தக் கொக்கியை ஒரு தடவை தொட்டுப் பார்க்க வேண்டும். ஆறு வயதுப் பையன் விரலுக்கு அது அசையுமா, அசையாதா? அசையும் என்றால் அவள் தப்பித்தாள். அசையாது என்றால் மாட்டிக்கொண்டாள். பூட்டிக் கிடந்த பூங்காவுக்குள் போய் அதைப் பார்க்க யார் விடுவார்கள்? இப்போது அவர்களே வந்து கூப்பிடுகிறார்கள்.

வேலை என்னவோ மாவு அரைக்கிற மாதிரி மெதுவாகத்தான் நடந்தது. பெட்டியின் மேல் ஒரு ரூபாய் அகலத்துக்கு உப்புத்தாளால் வட்டமாகத் தேய்க்க வேண்டும். நடுவில் அதிகம், ஓரத்தில் கொஞ்சம். தேய்க்கத் தேய்க்க ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்கள் தெரியும். மேலே நீலம், அதற்குள் மஞ்சள், பச்சை, மறுபடி மஞ்சள், காவி மாதிரி ஒன்று, கடைசியாகச் சிவப்பு. மொத்தம் ஆறு பூச்சு. நித்யஸ்ரீ ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து, எண் போட்டு, தாளில் எழுதினாள். "ஒரு பூச்சைக்கூட விடக் கூடாதுங்கக்கா. நமக்குப் புடிக்குதோ இல்லையோ, இருந்தது இருந்தபடி எழுதோணும். இல்லீன்னா அது புது ரயிலுங்க, பழைய ரயில் இல்ல" என்பாள். பிடிவாதக்காரப் பெண். நிர்மலாவுக்கு அவளைப் பிடித்திருந்தது.

முதல் நாளே மூன்றாம் பெட்டிக்குப் போனாள். நெஞ்சு அடித்துக்கொள்ளும், கால் தள்ளாடும் என்று எதிர்பார்த்திருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. சின்னப் பெட்டி. இத்தனை சின்னதா என்று மட்டும் தோன்றியது. கதவோரத் தூணில் ஒரு சாண் நீளத்துக்கு இரும்புத் தகடு, அதில் கொக்கி. விரலை வைத்து நெம்பினாள். அசையவில்லை. இரண்டு கையாலும் நெம்பினாள். துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. பதினைந்து வருடத்துத் துருவிடம் போய் அன்றைக்கு எப்படி இருந்தாய் என்று கேட்டால் அது என்ன சொல்லும்? அவ்வளவுதானா என்று திரும்பினாள். மத்தியானம் நித்யஸ்ரீ கொண்டுவந்த புளிசோற்றைச் சாப்பிட்டாள், நன்றாக இருந்தது என்று அவளிடம் சொன்னாள்.

காலையில் கொண்டுவந்து விடுவதும் சாயங்காலம் கூட்டிப்போவதும் வர்ஷினிதான். பி.காம். இரண்டாம் வருடம். வாயே திறக்காத பெண். கேட்டைத் தாண்டி ஒரு நாளும் உள்ளே வரவில்லை. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஸ்கூட்டியிலேயே உட்கார்ந்திருப்பாள். "அதுக்கு நாலு வயசு, என்ன தெரிஞ்சிருக்கப் போகுது" என்று சொந்தக்காரர்கள் அவளை அந்தக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. நிர்மலாவும் சேர்க்கவில்லை.

நாலாம் நாள் சிவப்பில் வந்து சிக்கியது. தேய்த்தெடுத்த சிவப்பு எங்கேயும் ஒரே மாதிரி இல்லை. வெயில் பட்ட பக்கம் ஒரு நிறம், படாத பக்கம் ஒரு நிறம். நித்யஸ்ரீ உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"வெயிலே படாத சிவப்பு வேணுமுங்க, அம்மிணி" என்றாள் நிர்மலா. "பனியன்ல காலர் லேபிளப் பிரிச்சுப் பாத்தா, அதுக்கடியில துணி புதுசா இருக்குமல்லங்க? அந்த மாதிரி. இந்தத் தகடெல்லாம் மொதப் பூச்சு அடிச்ச ஒடனே திருகுனதா இருக்கும். கழட்டுனா அடியில அசல் சிவப்பு இருக்குமுங்க."

யோசனை அருமை என்று நித்யஸ்ரீ குதித்தாள். அனுப்பர்பாளையத்திலிருந்து வெல்டர் மூக்கையா வந்தார். திருகாணித் தலைகளை அறுத்து, முதல் பெட்டித் தகட்டை உளியால் நெம்பி எடுத்தார். அடியில் சிவப்பு. ஆஹா, அது சிவப்பு! நேற்றுத்தான் அடித்தது போல, கொஞ்சம் மஞ்சள் அடிக்கிற தக்காளிச் சிவப்பு. நித்யஸ்ரீக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. இரண்டாம் பெட்டியிலும் அதே சிவப்பு. நாலாம் பெட்டியிலும் அதேதான். அந்த மூன்று தகடுகளின் மேலும், சிவப்புக்கு அப்புறம் வந்த ஐந்து பூச்சுப் பெயிண்டும் ஏறிக் கெட்டித்திருந்தது. ஒவ்வொரு தடவையும் கொக்கியோடு சேர்த்து அடித்திருக்கிறார்கள்.

மூன்றாம் பெட்டித் தகட்டைக் கையில் வாங்கியபோதே நிர்மலாவுக்கு அது தெரிந்துவிட்டது. அதன் மேல் பெயிண்டே இல்லை. ஒரு பூச்சுக்கூட இல்லை. வெறும் இரும்பு, வெறும் துரு. நாலு நாளாகப் பக்கத்திலேயே இருந்திருக்கிறாள், நெம்பிப் பார்த்திருக்கிறாள், நிறம் பார்க்கத் தெரிந்த கண் நிறமே இல்லாததைப் பார்க்கவில்லை. அசையுமா, அசையாதா என்பதிலேயே இருந்துவிட்டது புத்தி.

தகடு இருந்த இடத்தைப் பார்த்தாள். சிவப்பு இல்லை. நீலம். பளிச்சென்று, ஈரம் போல மினுங்குகிற நீலம். அதில் பழைய திருகாணி ஓட்டைகள் இரண்டு, பட்டி வைத்து அடைத்து மேலே பெயிண்டும் ஏறி மூடிக் கிடந்தன. பழைய கொக்கி எப்போதோ உடைந்து போயிருக்கிறது. ஓட்டையை அடைத்துப் பெயிண்ட் அடித்துக்கொண்டே வந்திருக்கிறார்கள், கொக்கி வைக்கவில்லை.

அந்த நீலத்தின் மேல் நாலு கோடுகள் இருந்தன. சின்னக் கோடுகள், விரல் அகலம். காயாத பெயிண்டில் உள்ளிருந்து வெளியே இழுபட்டுப் போய், தூணின் விளிம்பில் முடிந்திருந்தன. அவற்றின் மேல்தான் தகட்டை வைத்துத் திருகியிருந்தார்கள்.

"என்னங்கக்கா இது, கீறலா?" என்று நித்யஸ்ரீ கேமராவைக் கொண்டுவந்தாள்.

"இல்லீங்க" என்றாள் நிர்மலா. குரல் சாதாரணமாகத்தான் வந்தது, ஷேடு சொல்கிற குரல். "அது எம் பையன் கைங்க. இங்க விழுந்தது எம் பையனுங்க. அன்னிக்கு இந்தப் பெட்டியில கொக்கியே இல்லீங்க. அவன் விழுந்ததுக்கு அப்பறம், பெயிண்ட் காயறதுக்குள்ள, கொண்டாந்து வெச்சிருக்கறாங்க."

மூக்கையா உளியைக் கீழே வைத்துவிட்டு, துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, தள்ளிப் போய் நின்றார். நித்யஸ்ரீ தகட்டைப் பார்த்தாள், தூணைப் பார்த்தாள், நிர்மலாவைப் பார்த்தாள். படித்த பெண். யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. முகம் சாயம் போய்விட்டது.

"அக்கா... எனக்குச் சத்தியமாத் தெரியாதுங்க."

"தெரியுமுங்க, அம்மிணி. உங்களுக்குத் தெரியாதுன்னு."

இரண்டு பேரும் பெட்டியின் படியில் உட்கார்ந்தார்கள். பூச்சுக் கணக்கு எழுதுகிற தாள் நித்யஸ்ரீயின் மடியில் இருந்தது. பேனாவைத் திறந்தாள், மூடினாள்.

"இத எழுதினா... அப்பா..." என்று நிறுத்தினாள்.

"ஒரு பூச்சக்கூட விடக் கூடாதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க" என்றாள் நிர்மலா. கோபமாகச் சொல்லவில்லை. கோபம் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை. "எழுதுங்க. மூணாம் பெட்டி, கொக்கி ஆறாவது பூச்சுக்கு அப்பறம் வெச்சது. தேதி போட்டு எழுதுங்க. கொக்கி போட்டேன்னு நான் சொன்னது பொய்யுன்னும் எழுதுங்க. அது நாஞ் சொன்னதுதானே, அதையும் விடக் கூடாதுங்க."

நித்யஸ்ரீ எழுதினாள். எழுதி, கையெழுத்துப் போட்டு, படம் பிடித்து, இந்தத் தூணில் யாரும் கை வைக்கக் கூடாது, அப்பாவிடம் நானே பேசிக்கொள்கிறேன் என்றாள். அவள் அப்பா என்ன செய்வார், இந்தத் தாள் எங்கே போகும் என்றெல்லாம் நிர்மலா கேட்கவில்லை. அவளுக்கு வேறு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. இல்லாத கொக்கியைப் போட்ட ஞாபகம் எப்படி ஐயா வரும்? ஒரு வார்த்தை, "பாக்கலீங்க, ஞாபகமில்லீங்க" என்று சொல்லியிருந்தால், யாராவது ஓர் ஆள் அன்றைக்கே போய்த் தூணைப் பார்த்திருப்பான். பார்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் செய்தது அவள் சொன்ன ஆமாங்க. தன்னைக் காப்பாற்றிக்கொள்வதாக நினைத்துச் செத்த பிள்ளை தலையில் கட்டிவிட்டாள். பதினைந்து வருடம் அவனைச் சேட்டைக்காரனாகவே வைத்திருந்தாள். அந்தப் பிள்ளை சேட்டை செய்யவில்லை. தூணைப் பிடித்துக்கொள்ளத்தான் பார்த்திருக்கிறது.

இத்தனையும் தெரிந்தது. தெரிந்தும் கண் காய்ந்துதான் கிடந்தது. என்ன பிறவியோ என்று தன்னையே நொந்துகொண்டு, கை கழுவி, பையை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு நடந்தாள்.

வெயில் இன்னும் இறங்கவில்லை. வர்ஷினி புங்கமர நிழலில் ஸ்கூட்டியை நிறுத்திக் காத்திருந்தாள். நிர்மலா பின்னால் ஏறவில்லை. இளங்கோவிடம் முதலில் சொல்ல வேண்டும் என்றுதான் வழியெல்லாம் நினைத்து வந்தாள். ஆனால் எதிரே நின்றது மகள்.

"கண்ணு, ஒண்ணு சொல்லோணும். அன்னிக்கு அந்தப் பெட்டியில கொக்கியே இல்ல. அப்பறமாத்தான் வெச்சிருக்கறாங்க. இன்னிக்குத் தகட்டக் கழட்டிப் பாத்தாச்சு. அண்ணன் கழட்டல. நான் போட்டேன்னு சொன்னது பொய்யி."

வர்ஷினி ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"கொக்கியே இல்லையா?"

"இல்ல."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன், கண்ணு. சந்தேகமே இல்ல."

"அப்ப நான் கழட்டலையாம்மா?"

நிர்மலாவுக்குக் கேள்வி புரியவில்லை. "நீயா? நீ எதுக்குக் கழட்டுவே? எம் மடியில இருந்தே நீயி."

"மடியில இருந்துட்டு எதையோ புடிச்சுத் திருகிட்டே இருந்தேம்மா. இரும்பு. சில்லுன்னு இருந்துச்சு. அது மட்டும் எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது. அப்பறம் எல்லாரும் கொக்கி கொக்கின்னு பேசுனீங்க. அண்ணன் கழட்டுனான்னு அப்பா எல்லாருக்கும் சொன்னாரு, நீயும் இல்லீன்னு சொல்லல. என்னையக் காப்பாத்தத்தான் அப்படிச் சொல்றீங்கன்னு நெனச்சுக்கிட்டேன்."

வர்ஷினி இவ்வளவு பேசி நிர்மலா கேட்டதே இல்லை. பெட்டி இருக்கையின் கைப்பிடிக் கம்பி இரும்புதான். அதைத்தான் பிள்ளை பிடித்துத் திருகியிருக்கும். இதைச் சொல்வதற்கு எத்தனை நேரமாகும்? ஒரு நிமிஷம். தன் கையைச் சந்தேகப்பட்டாள், செழியன் கையைச் சந்தேகப்பட்டாள், நாலு வயதுக் கை ஒன்று தன்னைத்தானே சந்தேகப்பட்டுக்கொண்டு அதே வீட்டில், அதே பாயில் படுத்து வளர்ந்திருக்கிறது. வாய் திறக்காத பெண், அமைதியான பெண் என்று பெருமையாக வேறு சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பதினஞ்சு வருசமாவா?" என்றாள். "ஏங்கண்ணு எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டா ஆமான்னு சொல்லிருவியோன்னு பயமா இருந்துச்சும்மா."

நிர்மலா ரோட்டோரத்து மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். எங்கேயோ அடியிலிருந்து ஒரு சத்தம் கிளம்பி வந்தது. அது தன்னுடையது என்று தெரியவே கொஞ்ச நேரமாயிற்று. ஷிப்ட் முடிந்த கம்பெனி வேன்கள் வேகம் குறைந்து, உள்ளிருந்த முகங்கள் எட்டிப் பார்த்து, மறுபடி வேகமெடுத்துப் போயின. ஒரு பெண் ஜன்னல் வழியாக, "ஏனுங்க, என்னாச்சுங்க?" என்று கேட்டுக்கொண்டே போனாள். வர்ஷினி ஸ்கூட்டிக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.